பாலெடுத்து முடியட்டும்

எனக்கு டென்னிஸ் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம், ஜனவரியிலிருந்து அக்டோபர் வரைக்கும், கிழமைக்கு நாலைந்து நாள் அந்த ஆட்டத்தைப் போனில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் பதினைந்து, முப்பது, அதற்கடுத்து ஏன் நாற்பது என்று கேட்டால் முழிப்பேன். நான் பார்த்தது ஆட்டக்காரர்களை அல்ல. அவர்களுக்குப் பின்னால், பச்சைத் துணி கட்டிய வேலியை ஒட்டி, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பானே ஒருவன், அவனை. அவன் என் தம்பி.

லைன் அம்பயர் என்று பெயர். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் "அவுட்" என்று கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் வாயைத் திறக்கக் கூடாது. வேலை அவ்வளவுதான். "இதுக்கா ஏரோப்பிளேன்ல கூட்டிட்டுப் போறாங்க?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குச் சந்தேகம் தீரவே இல்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தெஹியோவிட்டவுக்கு மேலே, ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு, முப்பத்தைந்து வருஷம் பால் வெட்டியவள். கத்துவதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் வேலை வாங்குகிற கங்காணிமார் எல்லாரும் கோடீஸ்வரர் ஆகியிருக்க வேண்டும் என்பாள்.

தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் போகிற வழிதான் அது. பிறகு ஒரு டென்னிஸ் கிளப்பின் கேன்டீனில் சேர்ந்தான். சனி ஞாயிறு போட்டிகளில் கோடு பார்க்க ஆள் குறைந்தால் இவனை நிறுத்துவார்களாம். கண் கூர்மை, தொண்டை பெரிது. பரீட்சை எழுதினான், பாஸானான், வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது டிவியில் வருகிற பெரிய போட்டிகளுக்கு அல்ல. அதற்கு ஒரு படி கீழே இருப்பவை. அங்கே ஆடுகிறவர்கள் தங்கள் பையைத் தாங்களே தூக்குவார்கள். இந்தத் திங்கட்கிழமை ஓர் ஊரில் தோற்று, அடுத்த திங்கட்கிழமை இன்னோர் ஊரில் தோற்பார்கள். கைதட்டுகிறவர்களை எண்ணிவிடலாம். ஆட்டத்தை இன்டர்நெட்டில் சும்மா காட்டுகிறார்கள். ஒரே கேமரா, அசையாது, யாரும் பேசவும் மாட்டார்கள். பந்து அடிபடும் சத்தமும் இவர்கள் கத்துகிற சத்தமும்தான் கேட்கும்.

அது அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. சீனி வியாதி அவள் கண்ணை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு சிறுநீரகத்துக்கு வந்திருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பிள்ளைகளின் கொப்பிகளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, போனை அவள் தலையணையில் சாத்துவேன். நான் திருத்துவேன், அவள் கேட்பாள்.

"இது அவன் இல்ல," என்பாள். "இது யாரோ மூக்கால கத்துறான்."

அரை மணி நேரம் கழித்து ஒரு சத்தம் வரும். "இந்தா. இது எம்புள்ள."

நான் கொப்பியை வைத்துவிட்டுப் பார்ப்பேன். மூலையில் நீலச் சட்டை போட்டு நிற்பது அவனாகத்தான் இருக்கும். ஒரு தடவைகூட அவள் பிழை விட்டதில்லை. அந்தத் தொண்டை அவளுடையதுதான். அம்மா மலையில் நின்று ஹூ வைத்தால் மூன்று மேடு தாண்டிக் கேட்கும் என்று லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது வரவில்லை. முப்பது பிள்ளைகளை அடக்க மேசையில் தட்ட வேண்டியிருக்கிறது.

ஜனவரி, பெப்ரவரியில் இந்தியாவில் நாலு கிழமை, நாலு ஊர். அப்புறம் கிழக்குப் பக்கம் போனான். திங்கள், செவ்வாயில் நாலைந்து கோர்ட்டில் ஆட்டம் நடக்கும், இவனைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. தோற்றவர்கள் போகப் போக கோர்ட்டும் குறையும், அம்பயர்களையும் பாதிப் பாதியாக அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோர்ட், ஒரே ஆட்டம். கடைசி நாள்வரை நிறுத்திவைக்கிற ஆட்களைத்தான் அடுத்த வருஷம் பெரிய போட்டிகளுக்கு எழுதி அனுப்புவார்களாம். தம்பியை எப்போதும் வியாழன், வெள்ளியில் விட்டுவிடுவார்கள். "அரப்பேர் போட்டுட்டாங்களா?" என்பாள் அம்மா. நாள் வேலை முழுசாக முடியாதவர்களுக்குத் தோட்டத்தில் பாதிச் சம்பளம் விழும், அதற்கு அரைப்பேர் என்று பெயர். முதல் ஆட்டத்திலேயே தோற்கிற ஆட்டக்காரர்களையும் அவள் அந்தக் கணக்கில்தான் சேர்த்தாள்.

அந்த ஆட்டக்காரர்களில் ஒருவன்மேல் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது. பந்தை அடிக்கும்போதெல்லாம் முக்குவான். நெட்டையன், இடதுகைக்காரன். அம்மாவுக்கு அவன் முக்கல் மட்டும்தான் தெரியும். "முக்குறவன் இன்னைக்கு உண்டா?" என்று கேட்பாள். இந்தியாவில் நாலு கிழமையும் அவன் முதல் ஆட்டத்திலேயே தோற்றான். "பாவம், அவனப் பெத்தவ எங்கன இருந்து கேட்டுக்கிட்டிருக்காளோ," என்றாள்.

சித்திரை வருஷப் பிறப்புக்குத் தம்பி வந்திருந்தான். லயத்து வாசலில் நின்று அம்மாவுக்கு வேலையைச் செய்து காட்டினான். பார்வையில்லாதவளுக்குச் செய்து காட்டுவதென்றால், அவள் கையைத் தன் கைமேல் வைக்கச் சொல்லிக் காட்டினான். வெளியே விழுந்தால் கையைப் பக்கத்தில் நீட்ட வேண்டும், இப்படி. உள்ளே விழுந்தால் இரண்டு உள்ளங்கையும் கீழே பார்க்க வேண்டும், இப்படி. பிறகு இரண்டு கையையும் தூக்கித் தன் கண்களுக்கு முன்னால் வைத்துக்கொண்டான்.

"இது என்னா?"

"பந்து விழுந்தத நான் பாக்கலன்னு அர்த்தம். ஆட்டக்காரன் மறச்சிட்டா தெரியாதுல்ல. தெரியாதத சொல்லக் கூடாது."

"அப்பிடின்னா நான் எந்நேரமும் அப்பிடித்தான் நிக்கணும்," என்று அம்மா சிரித்தாள். பிறகு, "நீ பாக்கலன்னா யாரு சொல்லுவா?" என்றாள்.

"மேல நாற்காலில ஒருத்தர் இருப்பாரு. அவரு சொல்லணும்."

"அவரும் பாக்கலன்னா?"

"அந்தப் பாயிண்ட திரும்ப ஆடணும்."

"பரவால்லயே. அந்த வசதியெல்லாம் இருக்கா," என்றாள் அம்மா.

இனி என் அப்பா செத்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அக்டோபரில் நான் செய்தது யாருக்கும் விளங்காது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இருந்தார். காலை ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. அம்மா மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன். வழியில், பால் நிறுக்கிற மடுவத்தில் கங்காணி என்னைப் பிடித்து நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார், தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒக்காரு புள்ள. பாலெடுத்து முடியட்டும். இப்ப சொன்னா அவ போட்டது போட்டபடி ஓடியாருவா. வெட்டுன மரமெல்லாம் பால் வடிஞ்சி நிக்கும்."

அது அந்த மனிதரின் கல்மனசு இல்லை. தோட்டத்து வழக்கமே அப்படித்தான். விடியற்காலையில் முந்நூறு மரத்தை வெட்டிவிட்டு வந்தால், சிரட்டையில் பால் சேர்ந்த பிறகு அத்தனையையும் திரும்பப் போய் எடுத்தாக வேண்டும். இடையில் சாவுச் செய்தி வந்தால் வெட்டியவரிடம் சொல்ல மாட்டார்கள். பாலை ஊற்றி, நிறுத்து, வாளியைக் கழுவிய பிறகுதான் சொல்வார்கள். நான் மடுவத்துப் படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்ததும், என்னைப் பார்த்து "ஸ்கூலுக்குப் போவலயா?" என்று கேட்டதும், நான் வாயை மூடிக்கொண்டு நின்றதும் அப்படியே கண்ணில் இருக்கின்றன.

பிற்பாடு அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. "நல்ல வேள சொல்லல. ஒரு மணி நேரம் முந்தித் தெரிஞ்சிருந்தா மனுசன் எந்திரிச்சிருப்பாரா?" என்றாள். அன்று பின்னேரமே அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகம் பார்த்தோம். அதனால் அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அக்டோபரில் தம்பி தாய்லாந்தில் இருந்தான். அம்மாவை நாங்கள் கரவனெல்லவில் சேர்த்திருந்தோம். வியாழக்கிழமை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, சிங்களத்தில் மெதுவாக, வரவேண்டியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். நான் திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு என் மூச்சைக் கேட்டே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"தம்பிக்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லாம?"

"இந்த வாட்டி அவன அனுப்பலல்ல இன்னும்?"

அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டத்துக்கு நிற்கிறவர்களில் முதன்முறையாக அவன் பெயரும் இருந்தது. முந்தின நாள்தான் சொல்லியிருந்தான், குரலில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல்.

"பாலெடுத்து முடியட்டும்," என்றாள் அம்மா.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். "நீ பண்றது தப்பு. மச்சானுக்குச் சொல்லு. அப்புறம் அவன் மூஞ்சில எப்பிடி முழிப்ப?" என்றார். நான் கணக்குச் சொன்னேன். ஞாயிறு ஆட்டம் முடியும், திங்கள் பிளேன் ஏறுவான், பின்னேரம் வீட்டில் நிற்பான். அம்மா அதுவரைக்கும் தாங்குவாள். ஒரு டீச்சருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா என்ற மிதப்புத்தான். வெள்ளிக்கிழமை அம்மா பிடிவாதம் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை அரையிறுதி. பலகையில் கிடந்தபடி கேட்டாள். அவன் குரல் வந்தபோது சுண்டுவிரலைத் தூக்கினாள். பேச முடியவில்லை. ஆடியவர்களில் ஒருவன் அந்த முக்குகிற நெட்டையன். அவன் ஜெயித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே மழை. போனில் ஈரமான வெறும் கோர்ட்டும் காலி நாற்காலிகளும் தெரிந்தன. சத்தம் மட்டும் எங்கள் தகரத்தில் விழுவதைப் போலவே கேட்டது. இங்கேயும் மூன்று நாளாக விடாத மழை, இரண்டில் எது அங்கே பெய்கிறது எது இங்கே பெய்கிறது என்று பிரிக்க முடியவில்லை.

"மழயா?" என்றாள் அம்மா. இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஆமாம்மா. அங்கயும் மழ."

"அப்ப விட்டுருவாங்க. வந்துருவான்."

ரப்பர்க்காரர்களுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், வெட்டினால் பால் பட்டையில் வழிந்து போகும், ஆகவே காலையில் ஆள் கூடுகிற பெரட்டில் பெயர் கூப்பிடாமலே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மழை என்றால் எங்களுக்கு விடுதலை. டென்னிஸில் மழை என்றால் யாரையும் விட மாட்டார்கள். நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், நிற்காவிட்டால் மறுநாளும் வர வேண்டும். பத்து மாதம் பார்த்த எனக்கே அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. அம்மாவைப் போலவே நானும் நினைத்தேன், விட்டுவிடுவார்கள், இப்போது கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று. போனைக் கையில் எடுத்தேன். வேலை நேரத்தில் அவர்கள் போனை ஒப்படைத்துவிட வேண்டும், அவன் எடுக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா போய்விட்டிருந்தாள். காலை பத்து மணி இருக்கும்.

பின்னேரம் அவனே எடுத்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் குழாயடிக்குப் போய் நின்று பேசினேன்.

"அக்கா, மழ விடல. நாளைக்குப் பத்து மணிக்கு வச்சிருக்காங்க. அம்மாக்கிட்ட சொல்லு, பின்பக்கக் கோடு எனக்குத்தான். நல்லா கேக்கும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே பிளேன் ஏறி, திங்கட்கிழமை மத்தியானம் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பான். நான் சொன்னது இதுதான்:

"சரி தம்பி. சொல்றேன்."

அம்மாவின் வார்த்தையைக் காப்பாற்றினேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. ஐந்து வருஷம் அவளைக் குளிப்பாட்டி, ஊசி போட்டு, பஸ்ஸில் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனவள் நான். அவள் கேட்க ஆசைப்பட்டது அவன் குரலை. எனக்குள்ளே ஓர் அற்பத்தனம் இருந்தது, ஒரு நாளைக்காவது இது என்னுடைய சாவாக மட்டும் இருக்கட்டும் என்று. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

திங்கட்கிழமை காலை அம்மாவைப் பெட்டியில் வைத்து நடு அறையில் கிடத்தியிருந்தோம். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு நான் போனை எடுத்துப் போய் அவள் தலைமாட்டில் சாத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பந்துச் சத்தம் கேட்டதும் ஒப்பாரி மெல்ல அடங்கியது. நெட்டையன் முக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் "அவுட்" என்று ஒரு சத்தம் எழுந்து அறை முழுக்க நிறைந்தது.

"யாரு இது?" என்றாள் வெளியூரிலிருந்து வந்த ஓர் உறவுக்காரி.

"மகன்," என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

இரண்டு மணி நேரம் நாங்கள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் நான் அம்மாவின் சுண்டுவிரலைப் பார்த்தேன். கடைசிப் பந்து பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. அவுட் என்று ஆட்டத்தை முடித்துவைத்தது என் தம்பிதான். நெட்டையன் ஜெயித்துவிட்டான், கோர்ட்டில் மல்லாந்து படுத்து அழுதான். அதை யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் தம்பிக்கு எடுத்து, "அம்மா போயிட்டாங்க, வா" என்று மட்டும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை பிளேன் கிடைத்தது. அவன் வரும்வரை வைத்திருக்கலாம் என்றுதான் இருந்தோம். அன்று காலை கிராம சேவகர் வந்தார். லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. மண் சரியலாம், நாலு மணிக்குள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும் என்றார். பிணத்தைப் போட்டுவிட்டு இறங்க முடியுமா? புதைகுழிக்குப் போகும் பாதையே பாதி இல்லை. இரண்டு மணிக்குத் தூக்கினோம். அப்பாவின் பங்காளி மகன் ஒருவன் கொள்ளிக்குடம் உடைத்தான். தம்பி அந்த நேரத்தில் அவிசாவளையில் நின்றான். ரோட்டில் வெள்ளம் ஏறி பஸ் நின்றுவிட்டதால், மிச்சத் தூரத்தை இடுப்பளவு தண்ணீரில் நடந்திருக்கிறான்.

ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். அதே நீலச் சட்டை. அடக்கம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் அவனைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். போகக் கூடாது என்று சொன்னார்கள், ஏறினோம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. புது மண்ணைச் சுற்றி மாலைகள் சேற்றில் அமுங்கிக் கிடந்தன.

"எப்ப போனாங்க?" என்றான்.

இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. "ஞாயித்துக்கெழம. காலையில பத்து மணிக்கு."

அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அன்னைக்கிப் பின்னேரம் நான் பேசுனேனே அக்கா."

"ஆமா."

"அப்ப நேத்து?"

"தலமாட்டுல போன வச்சிருந்தேன். எல்லாரும் கேட்டோம்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவனுக்கு இருக்கிற தொண்டைக்கு அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும். நான்தான் தாங்காமல் கேட்டேன்.

"அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க. செத்த பொறவு சொல்லாதது நான். நான் பண்ணது சரியா தப்பா? நீ சொல்லு தம்பி."

அவன் கோட்டோரம் நிற்கிறபோது நிற்பதைப் போலக் காலைச் சேர்த்து நிமிர்ந்தான். இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கித் தன் கண்களுக்கு முன்னால் வைத்துக்கொண்டான்.

மறுபடி மழை பிடித்தது. அவன் கையை இறக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.